இணையத்தில் ஏற்றம்: விலைக்கு வாங்குவதா, சான்றால் பெறுவதா?

தோற்றுவாய்



திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை அடுத்து அமைந்துள்ள தேவிகாபுரம், பட்டு நெசவால் பெயர் பெற்ற ஊர். பெரியநாயகி அம்மன் கோயிலும், குன்றின்மேல் அமைந்த கனககிரீசுவரர் கோயிலும் அவ்வூரின் பழம்பெருமைக்குச் சான்றாக நிற்கின்றன. அவ்வூர் நெசவாளர் இல்லத்து மாணவர் ஒருவர், தம் பெற்றோரின் தொழிலைப் பற்றி இணையத்தில் வலைப்பூ ஒன்றைத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது முதல் நெய்த சேலையை மடித்துக் கொடுப்பது வரை, தம் வீட்டார் சொல்லக் கேட்டதையும் தாம் கண்டதையும் பிழையற்ற தமிழில் எழுதுகிறார். சில திங்கள் கழித்து ‘ஆரணிப் பட்டு’ என்று கூகுளில் தேடிப் பார்க்கிறார். விற்பனை நிலையங்களின் பக்கங்கள் அணிவகுத்து வருகின்றன. தறியில் அமர்ந்தவர் சொல்லக் கேட்டு எழுதிய அவருடைய எழுத்து எங்கும் காணப்படவில்லை.

அவ்வேளையில் விளம்பரம் ஒன்று அவர் கண்ணில் படுகிறது. குறித்த தொகையைச் செலுத்தினால் ஆயிரம் தளங்களிலிருந்து அவர் எழுத்தை நோக்கி இணைப்புகள் அமைத்துத் தரப்படும். தேடுபொறியில் அவர் எழுத்து முன்னிடம் பெறும் என்பது அதன் சாரம். இத்தகைய விளம்பரங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. அந்த மாணவர் அதற்கு இணங்கலாமா? இணங்கக் கூடாது எனின், அவர் செய்யத்தக்கது யாது? இவ்விரு வினாக்களுக்கும் தமிழ் மரபும் இஸ்லாமிய மரபும் தெளிவான விடைகளை முன்னரே வைத்துள்ளன என்பது என் கருத்து. அதனை நிறுவ முயல்வதே இக்கட்டுரை.

சுட்டு என்னும் சொல்

ஓர் இணையப் பக்கத்திலிருந்து மற்றொரு பக்கத்திற்குச் செல்ல அமைக்கப்படும் வழியை இணைப்பு என்கிறோம். பிறர் பக்கங்களிலிருந்து நம் பக்கத்தை நோக்கி வரும் இணைப்பு, கணினித் துறையினரால் பேக்லிங்க் எனப்படுகிறது. இதனைப் ‘பின்னிணைப்பு’ என மொழிபெயர்ப்பாரும் உளர். ஆயின் அச்சொல், நூலின் இறுதியில் சேர்க்கப்படும் பகுதியைக் குறிப்பதாக முன்னரே நிலைபெற்று விட்டது. எனவே ஈண்டுச் ‘சுட்டு’ என்னும் சொல்லையே ஆள்கிறேன். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துகள் ஒரு பொருளை விரல் நீட்டிக் காட்டுவதுபோல, இணையத்தில் ஒருவர் மற்றொருவரின் எழுத்தைக் காட்டுவது சுட்டு. பிறர் நம்மைக் காட்டுவது வருசுட்டு. இச்சுட்டுகளே தேடுபொறியில் ஓர் எழுத்தின் மதிப்பை அறுதியிடுவதில் பெரும்பங்கு ஆற்றுகின்றன.

இதன் வரலாறு நூலகத்திலிருந்து தொடங்குகிறது. ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பின்வந்த ஆய்வாளர் எத்தனை பேர் மேற்கோளாகக் காட்டியுள்ளனர் என்பதை அட்டவணைப்படுத்தும் முறையை, அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955ஆம் ஆண்டு முன்மொழிந்தார். 1960களில் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. இக்கருத்தை இணையத்திற்குப் பொருத்தியவர்கள், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த லாரி பேஜ், செர்கே பிரின் ஆகிய இருவர். அவர்கள் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கிய பேஜ்ரேங்க் என்னும் கணக்கே கூகுளின் தொடக்கக் கால அடித்தளமாக அமைந்தது.

அக்கணக்கின் உட்கருத்து எளியது. ஒரு பக்கத்தைப் பலர் சுட்டின் அதன் மதிப்பு உயரும். ஆயின் சுட்டுவோர் அனைவரும் ஒரு தன்மையர் அல்லர். தாமே பலரால் சுட்டப்பட்டவரின் சுட்டுக்கு எடை மிகுதி. மேலும், ஒருவர் பலரைச் சுட்டும்போது அவரிடமுள்ள மதிப்பு அவர்களுக்குள் பங்கிடப்படும். அவ்வாய்வில், வழங்கத்தக்க பங்கு நூற்றுக்கு 85 என்ற அளவில் கொள்ளப்பட்டது. நூறு மதிப்புடைய ஒரு பக்கம் நான்கு பக்கங்களை மட்டும் சுட்டினால், ஒவ்வொன்றுக்கும் 21 பங்குக்கு மேல் கிட்டும். அதே பக்கம் நூறு பக்கங்களைச் சுட்டினால், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்குகூட முழுமையாகக் கிட்டாது. எல்லாரையும் புகழ்பவரின் புகழுரைக்கு மதிப்பில்லை என்று நம் பெரியோர் சொல்வதைத்தான் இக்கணக்கும் சொல்கிறது. இன்று கூகுள் வேறு பல அளவுகோல்களையும் சேர்த்துக்கொண்டே தரவரிசை அமைக்கிறது. எனினும் சுட்டு தன் இடத்தை முற்றிலும் இழந்துவிடவில்லை.

பாயிர மரபு

தமிழில் ஒரு புதிய நூல் அவையேறுவதற்கு நம் முன்னோர் வகுத்த முறையை ஈண்டு நினைவுகூர்தல் பொருந்தும். பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பாயிரம் இல்லாத நூலை நூலெனவே கொள்ளாது. அப்பாயிரத்துள் சிறப்புப் பாயிரத்தை இயற்றத் தகுதியுடையோர் நால்வர்: நூலாசிரியனின் ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவன் மாணாக்கன், நூலுக்கு உரை கண்டவன். நூலாசிரியன் எத்துணைச் சிறந்த நூலைச் செய்யினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது என்பதே இவ்விதிக்குக் காரணமாகக் கூறப்படுகிறது. தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் சிறப்புப் பாயிரம் செய்தார். அவர் தொல்காப்பியரோடு உடன் பயின்றவர் என்பது உரையாசிரியர் வழிவந்த மரபு. அந்நூல் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிய செய்தியையும் அப்பாயிரமே நமக்கு அறிவிக்கிறது.

நால்வரும் நூலையும் நூலாசிரியனையும் அணுகி அறிந்தவர்கள் என்பது நோக்கத்தக்கது. தெருவிற் செல்வோன் பாயிரம் பாட இயலாது. அறியாதவன் பொருள் பெற்றுக்கொண்டு பாடினால் அது பாயிரம் ஆகாது.

எனினும் நன்னூலார் நடைமுறை அறிந்தவர். தற்புகழ்ச்சியை விலக்கிய அவரே, புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத்தக்க இடங்கள் நான்கினையும் காட்டுகிறார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் இடையிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய போதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் அது தகும் என்கிறார். இவற்றுள் ‘தன் ஆற்றலை அறியாதார் இடை’ என்பது புதிதாக எழுதத் தொடங்குவோருக்குப் பெருந்துணை. தேவிகாபுரத்து மாணவரை உலகம் அறியாது. ஆதலின் அவர் தக்காரிடம் சென்று, “இன்னது எழுதியுள்ளேன், பார்த்தருள்க” என்று தம்மை அறிமுகம் செய்துகொள்வதில் இழுக்கில்லை. அறிமுகம் அவர் கடமை. சான்றுரை பிறர் உரிமை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எல்லையைப் பணத்தால் அழிப்பதே தவறு.

சுட்டுதலின் ஆற்றலுக்கு நம் இலக்கிய வரலாற்றில் வேறொரு சான்றும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியதாலும், புறத்திரட்டுப் போன்ற தொகை நூல்கள் எடுத்துச் சேர்த்ததாலும் சில பாடல்களே எஞ்சின. முத்தொள்ளாயிரத்தின் நிலையும் அஃதே. ஏட்டுச்சுவடி அழிந்த பின்னும் சுட்டியவர் ஏட்டில் அப்பாடல்கள் உயிரோடிருந்தன. அந்த உரையாசிரியர் எவரும் கூலி பெற்று மேற்கோள் காட்டியவர் அல்லர். தம் கருத்தை விளக்க அப்பாடல் தேவைப்பட்டது, ஆதலின் காட்டினர்.

இஸ்னாத் மரபு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளைத் தொகுத்த பேரறிஞர்கள், செய்தியை மட்டும் எழுதி வைக்கவில்லை. அதனை யார் யாரிடம் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் உடன் எழுதினர். இத்தொடரே இஸ்னாத் எனப்படும். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் (810–870) ஊர் ஊராகப் பயணம் செய்து திரட்டிய ஏராளமான செய்திகளுள், தம் கடும் வரையறைக்கு உட்பட்டவற்றை மட்டுமே தம் தொகுப்பில் சேர்த்தார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் நேர்மையாளரா, நினைவாற்றல் உடையவரா, தமக்கு அறிவித்தவரை உண்மையில் சந்தித்திருக்கக் கூடியவரா என்று ஆராய்வதற்கெனத் தனியொரு கலையே வளர்ந்தது. அறிவிப்பாளர் வரலாற்றுக் கலை என்னும் அஸ்மாவுர் ரிஜால் அதுவே.

இக்கலையில் ‘முதவாதிர்’ என்றொரு வகை உண்டு. ஒவ்வொரு தலைமுறையிலும், தம்முள் கூடிப் பேசிப் பொய்யுரைக்க இயலாத அளவுக்குப் பலர் அறிவித்த செய்தி அது. இங்கு எண்ணிக்கை மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. அவர்கள் ஒன்றுகூடிப் புனைந்திருக்க இயலாது என்பதும் சேர்ந்தே வேண்டப்பட்டது. சான்றின் வலிமை அவ்விரண்டிலும் உள்ளது. ஆயிரம் தளங்களை ஒருவரே உருவாக்கி, ஆயிரத்திலிருந்தும் ஒரே பக்கத்தைச் சுட்டச் செய்தால், காண்பதற்கு ஆயிரம் சாட்சிகள். உண்மையில் சாட்சி ஒருவர்கூட இல்லை. நம் இமாம்கள் அத்தகைய செய்தியை இட்டுக்கட்டப்பட்டது (மவ்ளூஃ) என ஒதுக்கியிருப்பர். நம்பத்தகாதவர் செய்தி கொணர்ந்தால் தீர விசாரித்தறியுமாறு திருக்குர்ஆன் 49ஆம் அத்தியாயத்தின் 6ஆம் வசனம் பணிப்பதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம்.

தமிழும் இஸ்லாமும் சந்திக்கும் இடத்தில் உமறுப் புலவரின் வரலாறு நிற்கிறது. 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் விருப்பத்தின்படி பெருமானாரின் வரலாற்றைக் காப்பியமாகப் பாட முனைந்த அவர், அதற்கான மூலச் செய்திகளைப் பெற மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடிச் சென்றார் என்பதும், முதலில் இசைவு கிட்டாமல் பின்னரே வழி பிறந்தது என்பதும் வழிவழியாக வழங்கும் வரலாறு. புலவரின் கவித்திறத்திலோ வள்ளலின் செல்வத்திலோ அன்று குறைவில்லை. எனினும் பெருமானாரைப் பற்றிய நூலுக்கு அரபு மூலங்களை அறிந்த ஆலிமின் துணை வேண்டும் என்று அவர்கள் கருதினர். செல்வம் சான்றுக்கு ஈடாகாது என்பதை அவ்வள்ளலே உணர்ந்திருந்தார் எனலாம். சீறாப்புராணம் இன்றளவும் தமிழ் முஸ்லிம்களின் மதிப்பிற்குரிய காப்பியமாக விளங்குவதற்கு இக்கவனமும் ஒரு காரணம்.

வேலூரிலுள்ள அல்பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபிக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றோர் தம் பெயரோடு ‘பாகவி’ என்று சேர்த்துக்கொள்வதை நாம் அறிவோம். அந்த ஒரு சொல் கேட்டவுடன் மக்கள் நம்பிக்கை கொள்கின்றனர். அந்நம்பிக்கை அச்சொல்லுக்கு எங்கிருந்து வந்தது? அக்கல்லூரி பட்டம் வழங்குவதில் காட்டிய கண்டிப்பிலிருந்து வந்தது. கேட்டவர்க்கெல்லாம் வழங்கியிருப்பின் அச்சொல்லுக்கு இன்று பொருள் இராது.

விலைச்சுட்டின் விளைவு

இனி, சுட்டுகளை விலைக்கு வாங்கியோர் பெற்ற பயனைக் காண்போம். அமெரிக்காவின் பெரும் வணிக நிறுவனங்களுள் ஒன்றான ஜே.சி. பென்னி, 2010ஆம் ஆண்டின் இறுதியில் பண்டிகைக் கால விற்பனையின்போது, ஆடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு எனப் பற்பல பொருள்களின் தேடலில் கூகுளில் முதலிடத்தில் இருந்தது. அப்பொருள்களோடு தொடர்பே இல்லாத ஏராளமான தளங்களிலிருந்து அதனை நோக்கிச் சுட்டுகள் அமைக்கப்பட்டிருந்ததை, நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2011 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. கூகுள் உடனே நடவடிக்கை எடுத்தது. சில நாள்களில் அந்நிறுவனத்தின் பக்கங்கள் முதலிடத்திலிருந்து வெகுதொலைவு கீழே தள்ளப்பட்டன. அச்செயலைத் தான் அறியேன் என மறுத்த நிறுவனம், தன் தேடல் ஆலோசனை நிறுவனத்தை விலக்கிற்று. பெருநிறுவனம் அந்த இழப்பைத் தாங்கியது. தேவிகாபுரத்து மாணவரின் சிறு முயற்சி தாங்குமா?

மறு ஆண்டு, 2012 ஏப்ரலில், கூகுள் பெங்குவின் என்னும் பெயரில் புதிய கணக்கீட்டு முறையைக் கொணர்ந்தது. இயற்கைக்கு மாறாகக் குவிக்கப்பட்ட சுட்டுகளை இனங்காண்பது அதன் நோக்கம். அதற்கு முன்னரே, 2005ஆம் ஆண்டு, ‘இச்சுட்டைச் சான்றாகக் கொள்ளற்க’ என்று தேடுபொறிக்கு உணர்த்தும் நோஃபாலோ என்னும் குறி நடைமுறைக்கு வந்தது. பணம் பெற்று அமைக்கும் சுட்டுகளுக்கு இத்தகைய குறி இட வேண்டும் என்பது கூகுளின் விதி. குறி இட்டுச் செய்யும் விளம்பரம் குற்றமன்று. விளம்பரத்தைச் சான்றுரைபோல் காட்டுவதே குற்றம். விக்கிப்பீடியாவின் வெளிச்சுட்டுகளுக்கும் இக்குறி இடப்பட்டுள்ளது. எனவே தம் எழுத்தின் முகவரியைத் தாமே அங்குச் சென்று செருகி வைப்போர் தரவரிசையில் பெரும்பயன் காண்பதற்கில்லை. அங்குள்ள பதிப்பாளர்களின் நம்பிக்கையையும் இழப்பர்.

நெசவூர் மக்களுக்கு இது புதிய பாடம் அன்று. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், கலப்பு இழையைத் தூய பட்டு என்றும் சொல்லி விற்கும் வணிகத்தால் நேர்மையான நெசவாளன் படும் இன்னல் அவர்கள் அறிந்ததே. அதனால்தான் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004ஆம் ஆண்டு பட்டு முத்திரையும், 2006ஆம் ஆண்டு கைத்தறி முத்திரையும் தோன்றின. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிட்டியுள்ளது. நெய்தவனே ‘இது தூய பட்டு’ என்று சொன்னால் போதாது, சோதித்தறிந்த வேறொருவர் சொல்ல வேண்டும் என்பதே இம்முத்திரைகளின் அடிப்படை. போலி முத்திரையால் நலிந்த தொழிலைப் பற்றி எழுதும் ஒருவர், தம் எழுத்துக்கே போலி முத்திரை வாங்குவது எவ்வளவு பொருந்தாச் செயல்!

செய்யத்தக்கன

அவ்வாறாயின் அம்மாணவர் கைக்கொள்ள வேண்டிய நெறி யாது? என் எளிய கருத்துகளை வகைப்படுத்திக் கூறுகிறேன்.

முதலாவது, பிறர் சுட்டுவதற்குக் காரணம் இருக்க வேண்டும். ‘பட்டுச்சேலை அழகானது’ என்று எழுதினால் அதனைச் சுட்ட ஒருவருக்கும் தேவை எழாது. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, முந்தி, சரிகை என்று தறியைச் சுற்றி வழங்கும் சொற்களைத் தம் ஊரில் வழங்கும் பொருளோடும் படத்தோடும் அகரவரிசையில் தொகுத்தால், அகராதி செய்வோர் சுட்டுவர். ஆய்வு மாணவர் சுட்டுவர். பட்டையும் செயற்கை இழையையும் எரித்துப் பார்த்து வேறுபாடு அறியும் முறையைத் தெளிவாக எழுதினால், சேலை வாங்குவோர் சுட்டுவர். முதிய நெசவாளரின் அனுபவங்களை அவர் இசைவோடு பதிவு செய்தால், வரலாற்றறிஞர் சுட்டுவர். வேறெங்கும் கிட்டாததைத் தருபவரைத் தேடி மக்கள் வருவர்.

மதுரைத் திட்டம் இதற்கு நல்ல சான்று. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் தொடங்கிய இம்முயற்சி, தன்னார்வலர் உழைப்பால் பழந்தமிழ் நூல்களின் மூலபாடங்களை இலவசமாக வழங்கியது. உலகெங்குமுள்ள தமிழ் மாணவர் அதனைச் சுட்டத் தொடங்கினர். அவர்களுக்கு அது தேவைப்பட்டது என்பதே காரணம்.

இரண்டாவது, தக்காரைத் தேடித் தம்மை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். கைத்தறி பற்றி எழுதும் இதழாளர், நெசவு வரலாற்றை ஆராயும் பேராசிரியர், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள், ஊர் வரலாற்றில் நாட்டமுள்ள அமைப்புகள் ஆகியோருக்குத் தனித்தனியே மடல் எழுதலாம். அவர்தம் பணியைப் படித்தறிந்து, தம் எழுத்தில் எப்பகுதி அவருக்குப் பயன்படும் என்பதைக் குறிப்பிட்டு எழுதுவதே முறை. ஒரே மடலை ஐந்நூறு பேருக்கு அனுப்புவது அழைப்பிதழைத் தெருவில் இறைப்பதற்கு ஒப்பாகும். தறியில் ஒரு பாவு முடிந்து புதுப்பாவு ஏற்றும்போது, பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழை ஒன்றைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பர். ஆயிரக்கணக்கான இழைகளாயினும் ஒவ்வொன்றாகத்தான் பிணைக்க இயலும். அப்பொறுமை அவ்வூர் மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதன்று.

மூன்றாவது, பிறரைத் தாம் முதலில் சுட்ட வேண்டும். செய்தி கிட்டிய இடத்தைப் பெயர் கூறிக் காட்டுதல் நன்றியறிதலின் முதற்படி. தமிழ் வலைப்பதிவுகள் பெருகிய தொடக்க ஆண்டுகளில், 2004ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த எழுத்தாளரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தது. தாம் விரும்பிப் படிக்கும் பிறர் பதிவுகளின் பட்டியலைத் தம் பக்கத்தின் ஓரத்தில் வைப்பது அந்நாளில் பலரிடம் காணப்பட்ட வழக்கம். கைம்மாறு கருதாத அவ்வழக்கத்தால் புதியோர் பலர் வாசகரைப் பெற்றனர். ஆயின் ‘நீ என்னைச் சுட்டு, நான் உன்னைச் சுட்டுகிறேன்’ என்று ஒப்பந்தம் செய்துகொண்டு குவிப்பது வேறு. தேடுபொறிகளும் அதனை ஏற்பதில்லை.

நான்காவது, சுட்டும் சொல் பொருளுணர்த்த வேண்டும். ‘இங்கே சொடுக்குக’ என்று எழுதிச் சுட்டுவதைக் காட்டிலும் ‘தேவிகாபுரத்து நெசவுச் சொற்கள்’ என்று எழுதிச் சுட்டுவது வாசகருக்கும் உதவும். எழுத்தின் பொருளைத் தேடுபொறி அறியவும் உதவும். எழுத்தின் முகவரியை அடிக்கடி மாற்றாதிருப்பதும் இன்றியமையாதது. முகவரி மாறின், அதுவரை ஈட்டிய சுட்டுகள் யாவும் ஆளில்லா வீட்டுக்கு வந்த மடல்களாகி விடும்.

மறுப்பும் விடையும்

இக்கருத்துகளுக்கு மறுப்புகள் எழக்கூடும். ‘பிறர் விலைக்கு வாங்கி முன்னேறும்போது, நேர்மையாளர் மட்டும் பின்தங்க வேண்டுமா?’ என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை உண்டு. சுட்டுகளை விலைக்கு வாங்கியோர் அனைவரும் அகப்பட்டுவிடுவதில்லை. எனினும் வாங்கிய சுட்டு தேடுபொறியின் வரிசையை மட்டுமே தரும். அதுவும் பிடிபடும் நாள் வரையில்தான். அறிந்தவர் ஒருவர் தந்த சுட்டின் வழியே, தேடுபொறி இல்லாதபோதும் வாசகர் வருவர். நெசவு ஆய்வாளர் ஒருவர் தம் மாணவர் பத்துப் பேருக்குக் காட்டிய எழுத்து, அப்பத்துப் பேரின் ஆய்வேடுகளில் இடம்பெறும். அதற்குத் தரவரிசை தேவையில்லை.

‘கூகுளின் கணக்கு நீதியானதா?’ என்பது இரண்டாவது மறுப்பு. முற்றிலும் நீதியானது என்று நானும் சொல்லேன். இஸ்னாத் முறை சாட்சியின் ஒழுக்கத்தை ஆராய்ந்தது. கணினியின் கணக்கோ சுட்டுவோரின் ஒழுக்கத்தை அறியாது, அவரைச் சுட்டியவர்களையே எண்ணுகிறது. ஆதலின் பலர் விரும்பிய பொய் முன்னிற்கவும், எவரும் கண்டறியாத உண்மை பின்னிற்கவும் இடமுண்டு. முன்னரே புகழ்பெற்றோர் மேலும் சுட்டப்படுவதும் இயல்பு. ஆங்கிலத்தோடு ஒப்பிடத் தமிழில் எழுதுவோரும் சுட்டுவோரும் குறைவாதலின் இக்குறை நம்மைக் கூடுதலாகத் தாக்கும். இக்குறையை நீக்கும் வழி, தமிழில் நேர்மையாகச் சுட்டுவோர் தொகையைப் பெருக்குவதே.

‘செயற்கை நுண்ணறிவே விடை தொகுத்துத் தரும் காலத்தில் சுட்டுக்கு என்ன பயன்?’ என்பது மூன்றாவது. 2024ஆம் ஆண்டு முதல் கூகுள், பல வினாக்களுக்குத் தேடல் பக்கத்தின் மேற்பகுதியில் அத்தகைய தொகுப்புரையை வழங்கி வருகிறது. விடையை அங்கேயே படித்துவிட்டு, மூல எழுத்துக்குச் செல்லாதிருப்போர் உளர். ஆயின் எந்திரமும் எங்கிருந்தோ எடுத்தே தொகுக்கிறது. தேவிகாபுரத்துத் தறியைப் பற்றி அறிந்தவர் எழுதாவிடின், அறியாதவர் எழுதியதே தொகுப்புரையாகி, அதுவே உண்மையெனப் பரவும். எனவே மூலத்தைக் கேட்டறியும் பழக்கம் முன்னிலும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஆசிரியர்க்கும் பெரியோர்க்கும்

இதுகாறும் மாணவர்க்குச் சொன்னேன். சுட்ட வேண்டிய இடத்தில் இருப்போர் ஆசிரியர்களும் சமுதாயப் பெரியோர்களுமே என்பதை மறத்தல் ஆகாது. சிறப்புப் பாயிரம் பாட உரியோர் நால்வருள் முதலிடம் ஆசிரியனுக்கு அளிக்கப்பட்டது. மாணவன் எழுதியதை ஆசிரியர் படித்து, பிழை திருத்தி, நன்றெனின் நாலு பேர் அறியக் காட்டுவது அவர் கடன்.

கல்லூரிகள் தத்தமக்கென இணையத்தளங்கள் வைத்துள்ளன. அவற்றில் சேர்க்கை விவரமும் விழாப் படங்களும் நிறைந்துள்ளன. தமிழ்த்துறைக்கென ஒரு பகுதி ஒதுக்கி, மாணவர் எழுத்துகளுள் துறையினர் ஆராய்ந்து தேர்ந்தவற்றை மட்டும் ஆண்டுதோறும் சுட்டினால் என்ன? ஆண்டுக்குப் பத்து எழுத்துகள் போதும். கேட்டவர்க்கெல்லாம் இடமளிக்காத கண்டிப்பே அப்பட்டியலுக்கு மதிப்பைத் தரும். ஊர்ப் பெரியோர் தம்மிடமுள்ள பழைய பத்திரங்களையும் படங்களையும் நினைவுகளையும் இளையோர்க்குத் திறந்து காட்டுவாராயின், பிறர் சுட்டத்தக்க செய்தி அங்கிருந்தே பிறக்கும். ஜமாஅத்துகளும் நெசவாளர் சங்கங்களும் இம்முயற்சியில் கைகோக்கலாம். வடஆர்க்காட்டுப் பகுதியின் தறியும் தோலும் நெல்லும் பற்றிய அறிவு, அத்தொழில்களைச் செய்தோர் நாவில்தான் உள்ளது. அவர்கள் மறைந்த பின் எத்தனை சுட்டுகளை வாங்கினும் அதனை மீட்க இயலாது.

நிறைவாக

புதிய எழுத்துக்கு உலகின் செவியை ஈர்ப்பது அரிய செயலே. அதற்கு விரைவான வழி தேடும் இளையோரின் ஆர்வத்தை நான் பழிக்கவில்லை. பாயிரம் தந்த ஆசிரியரும், மேற்கோள் காட்டிய உரையாசிரியரும், அறிவிப்பாளரை ஆராய்ந்த இமாம்களும், பட்டுக்கு முத்திரை இட்டோரும் தம் பெயரைப் பொறுப்பாக வைத்தே பிறரைச் சுட்டினர். விலைக்குக் கிட்டும் ஆயிரம் சுட்டுகளில் அவ்வாறு தம் பெயரைப் பணயம் வைப்பவர் ஒருவரும் இலர்.

தேவிகாபுரத்து மாணவர் தம் பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு, இன்னும் எழுதப்படாத ஒரு நெசவுச் சொல்லைக் கேட்டறிய அண்டை வீட்டு முதியவரிடம் செல்லட்டும். அவர் எழுதிக் கொணர்வதைப் படித்துப் பார்க்க நாம் காத்திருப்போம்; நன்றெனின் நம் பெயரிட்டுச் சுட்டுவோம். வல்ல இறைவன் அம்முயற்சிகளுக்கு அருள்புரிவானாக!